லேப்டாப் வந்தாச்சு... வகுப்பறை மாறியாச்சா? கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 8 மணி. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தம். செஞ்சி பக்கமிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ் வந்து நிற்கும்போதே படிக்கட்டு வரை கூட்டம். அதில் ஏறப் போகும் ஒரு கல்லூரி மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இறுதியாண்டு பி.காம். பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு லாங் சைஸ் நோட்டு. அரசு கொடுத்த லேப்டாப்? அது வீட்டு பீரோவில், பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது.

"ஏன்டி, அத எடுத்துக்கினு போகலியா?" என்று அம்மா கேட்டால், பதில் இப்படித்தான் வரும்: "கிளாஸ்ல அதுக்கு வேலையே இல்லம்மா. பஸ் கூட்டத்துல உடைஞ்சுதுனா யாரு குடுப்பாங்க?"

இந்தப் பதிலில் இரண்டு விஷயம் இருக்கிறது. உடைந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம், 'கிளாஸ்ல அதுக்கு வேலையே இல்ல' என்பது. லட்சக்கணக்கான மாணவர்கள் கையில் மடிக்கணினி போய்ச் சேரும் நேரத்தில், அதற்கு வகுப்பில் என்ன வேலை என்பதுதான் முக்கியமான கேள்வி. திட்டம் என்ன, இதற்கு முன் நடந்தது என்ன, ஆய்வுகள் சொல்வது என்ன, மாணவர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திட்டம் என்ன?

2025 மார்ச் 14-ஆம் தேதி தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், நிதியமைச்சர் தங்கம் தென்னரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அடுத்த 2 ஆண்டுகளில் அவர்களின் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்பதே அது. இதற்காக ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது.

'உலகம் உங்கள் கையில்' என்று பெயரிடப்பட்ட இந்தத் திட்டத்தை 2026 ஜனவரி 5-ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்தின் இலக்கு 10 லட்சம் மடிக்கணினிகள். கலை அறிவியல், பொறியியல், வேளாண்மை, மருத்துவம் என்று பல துறைக் கல்லூரிகளோடு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களும் இதில் வருகிறார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை.

ஏசர், டெல், எச்.பி. என மூன்று நிறுவனங்களின் மடிக்கணினிகள் வழங்கப்படுகின்றன. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஆகியவற்றோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் உண்டு. பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ சேவையின் கட்டணப் பதிப்பை 6 மாதம் இலவசமாகப் பயன்படுத்தும் வசதியும் தரப்பட்டிருக்கிறது. கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம்.

ஒரு கல்லூரி மாணவருக்கு இந்த அளவு திறன் போதுமா? கட்டுரை தட்டச்சு, கணக்கு அட்டவணை, புரோகிராமிங், வீடியோ பாடம் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். பெரிய அளவு வீடியோ எடிட்டிங், கனமான பொறியியல் மென்பொருள் என்று போனால்தான் திணறும். ஆக, கருவியில் குறை சொல்ல அதிகம் இல்லை.

2011-ல் என்ன நடந்தது?

தமிழ்நாட்டுக்கு இது புதிது இல்லை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொடுக்கப்பட்டன. கொரோனா காலத்தை ஒட்டி அந்தத் திட்டம் நின்றுபோனது.

அந்த லேப்டாப்புகள் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். மவுஸ் பிடிக்கவும், ஃபைலை சேவ் செய்யவும், விண்ணப்பம் போடவும் பலர் அதில்தான் பழகினார்கள். ஒரு தலைமுறைக்கு கம்ப்யூட்டர் பயம் போனதில் அந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் வகுப்பறைக்குள் பெரிதாக எதுவும் நகரவில்லை. பிளஸ் டூ பாடம் அதே புத்தகம், அதே கரும்பலகை, அதே பொதுத் தேர்வு. லேப்டாப் வீட்டில் இருந்தது, பாடம் பள்ளியில் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டது குறைவு. இப்போது திட்டம் முழுக்கக் கல்லூரி மாணவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அதே கதை திரும்பவும் நடக்குமா என்பதுதான் கேள்வி.

கல்லூரிக்கு ஏன் அதிகம் தேவை?

பள்ளியில் ஒரு பாடப்புத்தகம் கையில் இருக்கும். கல்லூரியில் அப்படி இல்லை. ஒரு தாளுக்கு நாலைந்து நூல்கள் பாடத்திட்டத்தில் இருக்கும். நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் அதிர்ஷ்டம். மற்றபடி ஜெராக்ஸ், சீனியர் கொடுத்த நோட்ஸ், தேர்வுக்கு முன் வாங்கும் கைடு.

கீழ்பென்னாத்தூர், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருபவர்களில் பலர் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி திருவண்ணாமலைக்குப் போய்ப் படிக்க வேண்டும். கல்லூரி முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். மாலையில் நூலகத்திலோ கம்ப்யூட்டர் லேபிலோ உட்கார நேரம் கிடையாது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடமே கிடைக்காது. இவர்களுக்கு, வீட்டில் இரவு 9 மணிக்கும் திறக்கக்கூடிய நூலகமும் லேபும் என்றால் அது இந்த லேப்டாப்தான்.

மொபைல் போதாதா என்று கேட்கலாம். வீடியோ பார்க்க, படிக்கப் போதும். ஆனால் 40 பக்க புராஜெக்ட் எழுதுவதும், ஆயிரம் வரிசை உள்ள அட்டவணையில் கணக்குப் போடுவதும், புரோகிராம் எழுதிப் பிழை திருத்துவதும் போனில் நடக்காது. பார்ப்பவராக இருப்பதற்கு போன் போதும். எதையாவது செய்து பார்ப்பதற்குக் கணினி வேண்டும்.

முதலில் செய்தவர்கள் யார்?

கல்லூரி மாணவர் எல்லோருக்கும் மடிக்கணினி என்ற யோசனைக்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் வயது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குரூக்ஸ்டன் என்றொரு சிற்றூர். விவசாயப் பகுதி. அங்குள்ள பல்கலைக்கழக வளாகம் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1993-ல் அந்த வளாகம் முழுநேர மாணவர்கள் எல்லோருக்கும் மடிக்கணினி கொடுத்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் கல்வி நிறுவனம் அதுதான் என்று சொல்லப்படுகிறது. பெரிய நகரத்தின் பணக்காரக் கல்லூரியில் இல்லாமல், ஒரு விவசாய ஊரில் இது தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1996-ல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. அங்கே அது தனித் திட்டமாக வரவில்லை. கூடவே புதிய ஆசிரியர் பணியிடங்களும், முதலாண்டுக்காரர்களுக்குச் சிறு குழு வகுப்புகளும் வந்தன. கட்டணமும் உயர்ந்தது என்பது வேறு விஷயம். ஆனாலும் பாடம் சொல்லும் முறையைச் சேர்த்து மாற்றினால்தான் கருவிக்குப் பலன் என்று அவர்கள் அப்போதே கணக்குப் போட்டிருந்தார்கள்.

இன்னொன்று: லேப்டாப் முதலாண்டில் வந்தது. இங்கே இறுதியாண்டுக்கு முன்னுரிமை. படிப்பை முடித்து வேலை தேடப் போகிறவருக்கு அது உதவும், சரிதான். ஆனால் படிப்பு முழுக்கப் பயன்பட வேண்டும் என்றால், கல்லூரியில் சேர்ந்த கையோடு கிடைக்க வேண்டும். அடுத்தடுத்த கட்டங்களில் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கருவியைக் கொடுத்தாலே மார்க் ஏறும் என்று எந்த நல்ல ஆய்வும் சொல்லவில்லை.

பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை, கிராமப்புறத்தின் 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது.

கல்லூரி அளவில், அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் பொருளாதார வகுப்புகளைப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. சில வகுப்புகளில் லேப்டாப்புக்கு அனுமதி, சிலவற்றில் இல்லை. 2017-ல் வெளியான அந்த ஆய்வில், அனுமதி இருந்த வகுப்புகளின் தேர்வு மதிப்பெண்தான் குறைவாக இருந்தது.

கனடாவில் நடந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவாரசியம். பாடம் நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது! ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால், பின் பெஞ்சுக்கும் நஷ்டம்.

நோட்ஸ் எடுப்பது பற்றியும் ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. லேப்டாப்பில் தட்டச்சு செய்பவர்கள் ஆசிரியர் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை இறக்கிவிடுகிறார்கள். கையால் எழுதுபவர்கள் சுருக்கி எழுத வேண்டியிருப்பதால் யோசிக்கிறார்கள் என்றது 2014-ல் வந்த அந்த ஆய்வு. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் 'கையெழுத்தே சிறந்தது' என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்போ லேப்டாப் கெடுதலா? இல்லை. இந்த வகுப்புகளில் பெரும்பாலும் ஆசிரியர் பேசுகிறார், மாணவர் கேட்கிறார். நடுவில் லேப்டாப் சும்மா திறந்திருக்கிறது. சும்மா திறந்திருக்கும் திரை கவனத்தைத் திருடும். அதற்கு ஒரு வேலை கொடுத்தால் கதை வேறு.

வகுப்பில் என்ன வேலை கொடுக்கலாம்?

துறைவாரியாகப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

வணிகவியல், பொருளாதாரம்: திருவண்ணாமலை மாவட்டம் மணிலா விளையும் பூமி. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மணிலா மூட்டை தெரியாத வீடு குறைவு. நாட்டின் விற்பனைக்கூடங்களில் பதிவாகும் விளைபொருள் விலைகளை மத்திய அரசின் 'அக்மார்க்நெட்' தளம் வெளியிடுகிறது. சராசரி, திட்ட விலக்கம், போக்குக் கோடு என்று புள்ளியியல் தாளில் வரும் எல்லாவற்றையும் இந்த விலைப் பட்டியலை வைத்தே சொல்லித்தரலாம். 'அறுவடை நேரத்தில் விலை எவ்வளவு இறங்குகிறது?' என்ற கேள்விக்கு மாணவியே விடை கண்டுபிடித்தால், அது அவள் அப்பாவுக்கும் தேவையான விடை. அந்தச் சூத்திரம் அவளுக்கு மறக்காது.

இயற்பியல், வேதியியல்: கொலராடோ பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய 'ஃபெட்' என்ற இலவச மாதிரிச் சோதனைகள் உண்டு. மின்சுற்று, அலை, அணு என்று திரையில் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். அவற்றில் பல தமிழிலும் இருக்கின்றன. டவுன்லோடு செய்துவிட்டால் நெட் வேண்டாம். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து உருவாக்கிய 'விர்ச்சுவல் லேப்ஸ்' தளம் கல்லூரி அளவிலான சோதனைகளைத் தருகிறது. நிஜ லேபுக்கு இது மாற்று ஆகாது. ஆனால் லேபுக்குப் போகும் முன் செய்முறையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால், அந்த 2 மணி நேரம் வீணாகாது.

வரலாறு: அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைத் தொகுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் நூலாக வெளியிட்டிருக்கிறது. கல்வெட்டு, அரசன், ஆட்சியாண்டு, என்ன தானம், எந்த ஊர் என்று ஒரு வகுப்பே சேர்ந்து அட்டவணை போட்டால், எந்தக் காலத்தில் விளக்கு தானம் அதிகம், எப்போது நில தானம் அதிகம் என்று தெரியவரும். சோழர் கால நிர்வாகத்தை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

தமிழ்: 2001-ல் தொடங்கப்பட்டு இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனத்தின் மின்நூலகத்தில் இலக்கியங்களும் அகராதிகளும் இலவசம். ஒரு சொல் எந்தெந்த நூலில், எந்தப் பொருளில் வருகிறது என்று தேடித் தொகுப்பது முன்பு மாதக்கணக்கான வேலை. இப்போது ஒரு மதியம் போதும். ஆனால் முதலில் தமிழில் தட்டச்சு தெரிய வேண்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் பழகினால் கை ஓடும். பத்திரிகை, பதிப்பகம், அரசு அலுவலகம் என்று வேலைக்கும் இது உதவும்.

கணினி அறிவியல் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று உட்கார்ந்தவர்களுக்கு, இனி வீட்டிலேயே இரவு முழுக்கத் தவறு செய்து திருத்திப் பழகும் சுதந்திரம்.

சரி, ஏன் இது நடக்கவில்லை?

பதில் ஒரே வார்த்தை: தேர்வு.

தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75 என்பதுதான் வழக்கம். அந்த 75 மதிப்பெண்ணை 3 மணி நேரத்தில் பேனாவால் எழுதி எடுக்க வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் 'விவரி', 'விளக்குக' வகை. அதற்குத் தயாராகச் சிறந்த வழி நோட்ஸை மனப்பாடம் செய்வது. மாணவர்கள் முட்டாள்கள் இல்லை. மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பார்கள். விலைப் பட்டியலை வைத்து அழகாகக் கணக்குப் போட்டவருக்கும் போடாதவருக்கும் மார்க்கில் வித்தியாசம் இல்லையென்றால், லேப்டாப்பை ஏன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

தேர்வு முறையை மாற்றுவது ஒரு கல்லூரியின் கையில் இல்லை. திருவண்ணாமலைப் பகுதிக் கல்லூரிகள் வேலூர் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாடத்திட்டக் குழு கூட வேண்டும், விதி மாற வேண்டும். அதற்கு வருடக்கணக்காகும்.

ஆனால் அந்த 25 மதிப்பெண் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. 'அசைன்மென்ட்' என்ற பெயரில் கைடிலிருந்து 10 பக்கம் காப்பி அடித்து வாங்குவதற்குப் பதில், ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு வேலை: உள்ளூர் தரவு, ஓர் அட்டவணை, ஒரு வரைபடம், இரண்டு பக்கம் விளக்கம். இதற்குப் பெரிய அனுமதி எதுவும் தேவையில்லை. மாற்றம் தொடங்குவதற்கு அந்த 25 நல்ல இடம்.

ஆசிரியர்கள் நிலை என்ன?

திட்டம் மாணவர்களுக்கானது. பாடம் நடத்துபவர் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களும் இதே பஸ்ஸில் வருபவர்கள்தான். புது முறையில் பாடம் தயாரிக்க நேரமும் பயிற்சியும் வேண்டும். அந்த உழைப்புக்கு அங்கீகாரமும் வேண்டும்.

ஒருநாள் பயிலரங்கில் 'பவர்பாயின்ட் செய்வது எப்படி' என்று சொல்லித்தருவது பயிற்சி ஆகாது. கரும்பலகையில் இருந்ததைத் திரையில் காட்டுவதில் மாணவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரே துறையைச் சேர்ந்த நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து, தங்கள் பாடத்திலிருந்து ஒரே ஓர் அலகை எடுத்து, மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, எது சரிவரவில்லை என்று பேசினால் அது பயிற்சி.

கரன்ட், நெட், பிளக்: சின்ன விஷயம் இல்லை

ஒரு வகுப்பில் 60 பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் 65 வாட் சார்ஜரைச் செருகினால் 3,900 வாட். பழைய கட்டடத்தின் வகுப்பறையில் இருக்கும் ஒன்றிரண்டு பிளக் பாயின்டுகளும் வயரிங்கும் இதைத் தாங்காது. அதனால் வீட்டில் முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துவருவதும், எல்லா வகுப்புக்கும் இல்லாமல் குறிப்பிட்ட நாளில் மட்டும் 'லேப்டாப் வகுப்பு' வைப்பதும்தான் இப்போதைக்கு நடைமுறை. தினமும் தூக்கும் பாரமும் குறையும்.

நெட்டும் அப்படித்தான். 60 பேரும் ஒரே சமயம் வீடியோ பார்த்தால், ஆளுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும் 120 மெகாபிட் வேண்டும். மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழை மூலம் இணைக்கும் பாரத்நெட் பணி நடந்துவருகிறது. ஆனால் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வருவது வேறு, மாணவி வீட்டுக்குள் நெட் வருவது வேறு. பெரும்பாலான வீடுகளில் போன் ஹாட்ஸ்பாட்தான். தினசரி டேட்டா தீர்ந்தால் பாடமும் நின்றுவிடும்.

இதற்குப் பழைய வழியே நல்ல வழி: பென் டிரைவ். கல்லூரியில் நெட் கிடைக்கும் இடத்தில் ஒரே ஒருவர் டவுன்லோடு செய்து, 60 பேரும் காப்பி எடுத்துக்கொள்ளலாம். பாடக் கோப்புகள், மாதிரிச் சோதனைகள், ஐ.ஐ.டி. பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' வீடியோக்கள் (இவற்றில் பல தமிழ்க் குரலில் உள்ளன) எல்லாம் ஒருமுறை லேப்டாப்பில் ஏறிவிட்டால், பிறகு நெட் இல்லாமலே ஓடும்.

ஏஐ இருக்கே, அதுவே எழுதிடாதா?

எழுதிவிடும். லேப்டாப்போடு ஏஐ சேவையும் வருவதால், 'விளக்குக' வகை அசைன்மென்டுகளை இனி நம்ப முடியாது. தடை போட்டால் ஒளிந்து பயன்படுத்துவார்கள்.

இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, கேள்வியை உள்ளூருக்குக் கொண்டுவருவது. 'உங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் எத்தனை கிணறு, யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள்' என்பதற்கு ஏஐ பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் பொய் என்று தெரிந்துவிடும். இரண்டு, எழுதியதைப் பற்றி 5 நிமிடம் வாயால் கேட்பது. தானே செய்தவர் சொல்லிவிடுவார்.

மாணவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஏஐ தவறான தகவலையும் உறுதியான குரலில் சொல்லும். குறிப்பாகத் தமிழ் இலக்கியம், உள்ளூர் வரலாறு என்று வந்தால் அதிகம் தடுமாறும். புரியாத ஆங்கிலப் பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்வதற்கும், புரோகிராமில் பிழை எங்கே என்று கேட்பதற்கும் பயன்படுத்துங்கள். விடையை மூல நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேப்டாப் கிடைத்தவர்கள் இப்போதே என்ன செய்யலாம்?

பெட்டியைப் பிரித்ததும் ஆன் செய்து, திரை, விசைப்பலகை, கேமரா, சார்ஜர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் உடனே கல்லூரியில் சொல்லுங்கள். சீரியல் எண்ணையும் வாரன்டி விவரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பஸ்ஸில் எடுத்துப்போக, துணிப் பையாக இருந்தாலும் உள்ளே மெத்தென்று ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும். பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்வது நல்லது. பீரோவில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் ஆபத்துதான். சார்ஜ் முழுக்க இறங்கியபடியே கிடந்தால் பேட்டரி கெட்டுப்போகும்.

வாரத்துக்கு ஒரு புது விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தமிழ்99. அடுத்து எக்ஸெல் போன்ற கணக்கு அட்டவணை. பிறகு உங்கள் துறைக்கான ஒரு மென்பொருள்.

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் உங்கள் பாடத்தோடு ஒட்டிய ஒரு படிப்பைப் பாருங்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் பெற யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. உங்கள் கல்லூரி அதை ஏற்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஏற்கவில்லை என்றால், ஏன் என்றும் கேளுங்கள்.

வகுப்பில் ஆசிரியர் பேசும்போது, வேலை இல்லாவிட்டால் மூடி வையுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல, பின் பெஞ்சுக்காகவும்.

வீட்டில் தம்பி, தங்கைகள் கேட்பார்கள். தனித்தனி 'யூசர் அக்கவுன்ட்' போட்டுக் கொடுங்கள். படிக்கும் பெண் பிள்ளையின் லேப்டாப் மாலையானால் வீட்டு டிவியாக மாறிவிடுகிறது என்றால், பெற்றோர் கவனிக்க வேண்டும். அரசு அதை அவள் படிப்புக்காகக் கொடுத்திருக்கிறது.

கடைசியாக...

தேர்தல் நெருங்கும் நேரத்தில் வந்த திட்டம் என்பதால், இதைச் சுற்றி அரசியல் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எத்தனை லட்சம் கொடுத்தார்கள், யார் காலத்தில் அதிகம், யார் படம் போட்டார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கொடுத்த எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு கல்வித் திட்டத்தை அளக்க முடியாது. அது வகுப்பில் எத்தனை முறை திறக்கப்பட்டது, திறந்து என்ன செய்தார்கள் என்பதுதான் அளவு.

கீழ்பென்னாத்தூர் மாணவி ஒருநாள் காலை பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தால், அதற்குக் காரணம் அன்றைக்கு வகுப்பில் அது தேவைப்படுகிறது என்பதாகத்தான் இருக்க முடியும். "இன்னிக்கு மணிலா விலைய வச்சு கணக்கு போடச் சொல்லியிருக்காங்கம்மா" என்று அவள் சொல்லும் நாளில்தான் அந்த லேப்டாப் உண்மையிலேயே கல்லூரிக்குள் நுழைகிறது. அரசு தன் பங்குக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டது. இனி பல்கலைக்கழகமும் கல்லூரியும் அவளுக்கு அந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும்.